பூகோள வாத்தியார் அழுத்திய பொத்தான்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. பெரிய சிரிப்பு. இப்போதே கேட்டால் கிடைக்காது. அது மூன்றாவது நாட்டின் எல்லைச் சாவடியில் காத்துக்கொண்டிருக்கிறது; நாமோ இன்னும் வண்டிக்குப் பெட்ரோல்கூடப் போடவில்லை. அதுவரை வாயை இறுக்கி மூடிக்கொண்டு வாருங்கள். வாத்தியாருக்குத்தான் அது முடியவில்லை.

வாத்தியார் என்றால் பூகோள வாத்தியார். பத்தொன்பது வருஷமாக எட்டாம் வகுப்புக்குப் பக்கத்து நாடுகளைக் குச்சியால் தொட்டுத் தொட்டுக் காட்டியவர். ஒருநாள் ஆசிரியர் அறையில் அந்தக் குச்சியைச் சுழற்றிக்கொண்டு எழுந்தார்.

"இத்தனை வருஷமா குச்சியாலதான் எல்லை தாண்டினேன். இந்த வருஷம் மோட்டார் சைக்கிள்ல தாண்டறேன்! மூணு நாடு! நானும் என் சம்சாரமும்!"

சுழன்ற குச்சி கணக்கு வாத்தியாரின் டீயைத் தட்டிவிட்டது.

"முதல்ல என் டம்ளரைத் தாண்டுங்க சார்," என்றார் கணக்கு வாத்தியார், நனைந்த மடியைப் பிழிந்தபடி.

"சிரிங்க, சிரிங்க. மூணாவது நாட்டு எல்லைக் கல்லுல கை வச்சு போட்டோ எடுத்துட்டு வரலேன்னா இந்த மீசையை எடுத்துடறேன்!"

ஹெட்மாஸ்டர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "மீசை உங்க சொந்த விஷயம். எட்டாம் வகுப்புக்குப் பாடம் போகுமே, அது என் விஷயம்."

"வந்து சேத்து எடுத்துடறேன் சார்."

ஹெட்மாஸ்டர் அங்கே மேற்கொண்டு பேசவில்லை. மறுநாள் பிரஷர் மாத்திரை வாங்கப் போன இடத்தில் பேசினார். அந்த மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள் வாத்தியாரின் மனைவி. இருவரும் தலையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டதை வாத்தியாரே தெருவில் நின்று பார்த்தார். மாத்திரை விஷயம் என்று நினைத்துக்கொண்டார்.

அந்த அம்மாளுக்கு ஒரு பழக்கம். டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தைக் கடைசி வரிவரை படிக்காமல் எந்தப் பொருளையும் தொடமாட்டாள். வாத்தியார் வாங்கி வந்த இரண்டு ஹெல்மெட்டுக்கும் காகிதம் இருந்தது. ஓடும் வண்டியிலேயே ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் வசதி உள்ள ஹெல்மெட். போனையும் அதோடு இணைத்துக்கொள்ளலாம்.

"இதைப் படிச்சீங்களா?"

"எதுக்கு? காதுகிட்ட பொத்தான் இருக்கு. ஒரு தடவை அழுத்தினா ஆஃப். ரெண்டு தடவை அழுத்தினா ஆன். ஒலகப் படத்தையே படிச்சவன், இந்தத் துண்டுக் காகிதத்தையா படிக்கணும்?"

அவள் இரண்டு பக்கமும் படித்து, மடிப்புக் கலையாமல் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

புறப்பட்டார்கள். தெருமுனை திரும்புவதற்குள் வாத்தியார் காதில் ஆரம்பித்தது.

"ஏங்க, லாரி வருது."

"தெரியுது."

"ஏங்க, இண்டிகேட்டர் இன்னும் எரியுது."

"எரியட்டும்."

"ஏங்க, ஒரு முக்கியமான விஷயம். முந்தாநாள் கடைக்கு வந்தாரே நம்ம…"

டக். வாத்தியார் பொத்தானை அழுத்திவிட்டார். காதில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி.

இங்கேதான் அந்தக் காகிதம். நாலாவது பத்தி: ஒரு முறை அழுத்தினால் காதுக்கு வரும் சத்தம் மட்டுமே நிற்கும். பேசுவது போய்க்கொண்டுதான் இருக்கும். வாத்தியாருக்குக் காது அடைபட்டதே தவிர வாய் அடைபடவில்லை. அது அவருக்குத் தெரியாது. அவள் பேச்சு நின்றதால் தன் பேச்சும் நின்றது என்று முடிவு கட்டினார். பயணம் முழுக்கப் பொத்தானை அப்படியே விட்டுவிட்டார்.

போதாததற்கு, அவருக்கு வாயை மூடிக்கொண்டு யோசிக்கவே வராது. பத்தொன்பது வருஷம் வகுப்பெடுத்த வாய். மனசுக்குள் ஓடுவதெல்லாம் உதட்டு வழியாகத்தான் ஓடும்.

"அப்பாடா! கல்யாணத்துக்கு முந்தி கேட்ட அமைதி!" என்று முனகினார். பின்னால் மனைவி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, மூடிக்கொண்டாள்.

முதல் எல்லையைத் தாண்டுவதற்குள் இடுப்புக்குக் கீழே தனக்கு ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று வாத்தியார் தடவிப் பார்க்க வேண்டியதாயிற்று. மனைவியோ சோபாவில் உட்கார்ந்ததுபோல் வந்தாள்.

"இனி ஒரு மைல்கூட முடியாது," என்று ஹெல்மெட்டுக்குள் புலம்பினார். "ஆனா நானா திரும்பினா மீசை போயிடும். அவளா 'திரும்பிடலாம்'னு சொல்லணும். ஸ்கூல்ல போய், 'நான் மூணு என்ன முப்பது நாடு தாண்டியிருப்பேன், என் பொண்டாட்டி காலைப் பிடிச்சு அழுதுட்டா'ன்னு சொல்லிடலாம். அவளுக்குக் கரப்பான்னா உயிர் போயிடும். இன்னிக்கு கரப்பான் ஓடற ரூமாப் பாத்து எடுக்கறேன்."

எடுத்தார். கதவைத் திறந்ததும் நாலு கரப்பான் பூச்சிகள் வரவேற்றன. மனைவி கைப்பையிலிருந்து கரப்பான் மருந்துச் சாக்கட்டியை எடுத்துத் தன் கட்டிலைச் சுற்றிக் கோடு போட்டாள்.

"எப்ப வாங்கின?"

"மத்தியானம் டீ குடிச்சோமே, பக்கத்துக் கடையில. என்னமோ தோணிச்சு."

"என் கட்டிலுக்கு?"

"தீந்துபோச்சுங்க."

நாலு கரப்பானும் இரவு முழுக்க வாத்தியாரோடு தங்கின.

மறுநாள் நல்ல சாலையை விட்டுவிட்டு, வேண்டுமென்றே குண்டும் குழியுமான பாதையில் விடுவது என்று காலையிலேயே முனகி முடிவெடுத்தார். பெட்ரோல் போட நின்ற இடத்தில் மனைவி காற்றடைத்த ரப்பர் வளையம் ஒன்றை வாங்கினாள். குழந்தைகள் நீந்தக் கற்கும் வளையம், வாத்துத் தலை வைத்தது. அதன்மேல் சுகமாக உட்கார்ந்துகொண்டாள். ஒவ்வொரு குழிக்கும் வாத்தியார் "ஐயோ" என்றார். வாத்து "கீச்" என்றது.

இதில் வழி வேறு தவறியது. "சூரியன் வலப்பக்கம். அப்ப இது தெக்கு. இல்ல, மேக்கோ? சே! பூகோள வாத்தியார்னு வெளிய சொல்லிக்க முடியாது. நல்லவேளை, இது எவன் காதுலயும் விழல."

அப்போதுதான் வண்டி குலுங்கியது. புறப்பட்ட நாளிலிருந்தே இந்தக் கோளாறு. சரியாகப் பதினொரு மணிக்கு ஆரம்பிக்கும். சாலை கண்ணாடி மாதிரி இருந்தாலும் பின்பக்கம் கிடுகிடுவென்று ஆடும். பதினொன்றே முக்காலுக்கு நின்றுவிடும். இரண்டாவது நாட்டில் ஒரு மெக்கானிக்கிடம் நிறுத்தினார். பாஷை தெரியாததால் இடுப்பை ஆட்டிக் காட்டினார். மெக்கானிக்கும் ஆட்டிக் காட்டினார். இருவரும் சிறிதுநேரம் ஆடினார்கள். மெக்கானிக் வண்டியைத் தட்டி, திருப்பி, முகர்ந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

"வண்டியில ஒரு கோளாறும் இல்லையாம்," என்றார் வாத்தியார்.

"வண்டியில இல்லைங்க," என்றாள் மனைவி, முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி.

"ஏன் அழற?" வாத்தியார் ஆவலோடு கேட்டார். "முடியலையா? திரும்பிடலாமா?"

"தூசிங்க. எனக்கென்ன, ஒலகத்தையே சுத்தி வரலாம்போல இருக்கு!"

மறுநாள் காலை, இடுப்புப் பிடித்துக்கொண்டதாக நடிக்கலாம் என்று நினைத்தார், அதாவது முனகினார். வண்டியை நிறுத்தி இறங்கியதுமே அவள் தைலத்தோடு நின்றாள். "இடுப்புதானே? திரும்புங்க." வாத்தியார் ஓரடி பின்வாங்கினார். இவள் மனசைப் படிக்கிறாள்! காகிதம் காகிதமாகப் படித்துப் படித்து இப்போது மண்டைக்குள்ளேயும் படிக்கக் கற்றுக்கொண்டாள்! அடுத்த அறுபது மைல், "என் பொண்டாட்டி தங்கம், தங்கம்," என்றே நினைத்துக்கொண்டு போனார். வண்டி முன்னைவிடப் பலமாகக் குலுங்கியது.

வந்துவிட்டோம். மூன்றாவது எல்லைச் சாவடி. எதிரே மலை, அதன் உச்சியில் எல்லைக் கல். மணி பதினொன்றரை. சிரிப்பு இங்கேதான் எங்கேயோ இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள், முதலில் வாத்தியார் விழ வேண்டும்.

"கல்லைத் தொடணும்னா இன்னும் மலை ஏறணும்," என்று ஹெல்மெட்டுக்குள் முனகினார். "உசிரே போயிடும். இங்கேயே மயங்கி விழுந்துட வேண்டியதுதான். நேரா அவ மேலயே விழறேன். பயந்துபோய் 'போதும், வாங்க வீட்டுக்கு'ன்னு கத்துவா. மீசை தப்பிச்சுது. ஒண்ணு… ரெண்டு…"

சாவடி அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்தார், வாத்தியாரைப் பார்த்தார், ஹெல்மெட்டைக் கழற்றும்படி சைகை காட்டினார். வாத்தியார் அவசரமாக வாரைத் தேடினார். விரல் வழுக்கியது. பொத்தான்மேல் பட்டது. டக், டக்.

காது திறந்தது.

நாற்பத்திரண்டு தொண்டை. பெஞ்சைத் தட்டி, தரையை உதைத்து, மூச்சுமுட்டி, விக்கி, மறுபடி முதலிலிருந்து. சொன்னேனே சிரிப்பு, அது இதுதான். அதற்கு மேலே கணக்கு வாத்தியாரின் கனைப்பு. எல்லாவற்றுக்கும் மேலே ஹெட்மாஸ்டர்:

"டேய், சத்தம் போடாதீங்கடா! சார் விழப்போறாரு, கேக்க விடுங்க!"

வாத்தியார் மெல்லத் திரும்பினார். மனைவி வாத்து வளையத்தைக் கட்டிக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள்.

"முதல் நாளே சொல்ல வந்தேங்க. தினமும் மூணாவது பீரியடுக்கு நீங்க வழியில பாக்கறதையெல்லாம் பிள்ளைங்களுக்குப் பாடமா சொல்லணும்னு ஹெட்மாஸ்டர் கேட்டாரு. பதினொரு மணிக்கு வகுப்புக்குப் போனைப் போடணுமேன்னு உங்ககிட்ட சொல்ல வாயெடுத்தேன். நீங்கதான் டக்குனு அழுத்திட்டீங்க."

வாத்தியாரின் கை தானாக மீசைக்குப் போனது. ஹெல்மெட் தடுத்தது. காதுக்குள், கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் மிகுந்த மரியாதையோடு கேட்டது:

"சார், அம்மா எப்ப சார் அழுவாங்க?"