கியூவோடு சேர்த்து துபாய் எவ்வளவு தூரம்?

கிலோமீட்டர் என்று ஒன்று இருப்பதையே ஒப்புக்கொள்ளாத ஒரே மனிதர் இந்தப் பூமியில் எங்கள் எர்ணாவூர் டிரெய்லர் நைனாதான்.

கன்டெய்னர் லாரி ஓட்டுபவர். என் பக்கத்து வீடு. யாராவது வண்டியை நிறுத்தி, "பெரம்பூர் எவ்ளோ தூரம்ணே?" என்று கேட்டால், "தூரம் கெடக்குது, முன்னாடி எத்தினி வண்டி நிக்குது, அத்த சொல்லு" என்பார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. துறைமுக வாசலில் வரிசை கட்டும் லாரிகள் சில நாள் எங்கள் தெருமுனை வரை நிற்கும். பாதி ஆயுளை அவர் அதில்தான் கழித்தார். வண்டிக்கடியில் ஸ்டவ் பற்றவைத்து மீன் குழம்பே வைத்துவிடுவார். கொருக்குப்பேட்டையில் ஒரு கல்யாணம். ரயில்வே கேட் மூடியிருக்குமென்று முதல் நாளே போய், பந்தல் போட வந்தவர்களோடு சேர்ந்து பந்தல் போட்டார்.

அவருடைய ஒரே மகளைப் பெண் பார்க்க வந்த பையனுக்குத் துபாயில் வேலை. "மூவாயிரம் கிலோமீட்டர்தான் மாமா. பிளைட்ல நாலு மணி நேரம்" என்றான்.

"கியூவோடயா, கியூ இல்லாமயா?" என்று கேட்டார் நைனா.

கல்யாணம் முடிந்து மகள் கிளம்பும் நாளில், "ஒரே லோடு, இறக்கிட்டு வந்துர்றேன்" என்று விடிகாலையில் போனவர் வரிசையில் மாட்டிக்கொண்டார். முன்னால் நூறு வண்டி, பின்னால் நூறு வண்டி. திரும்பவும் வழியில்லை. மகள் துபாயில் இறங்கி போன் செய்தாள்.

"எறங்கிட்டேன் நைனா. நீ எங்க கீறே?"

"எர்ணாவூரே தாண்டல கண்ணு."

தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் மகளை வழியனுப்ப முடியாத அந்த வருத்தம் அவரை விடவேயில்லை. ஏரோப்ளேன் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிடுவார்.

இரண்டு வருடம் கழித்து அவள் கைக்குழந்தையோடு வருகிறாள் என்று தெரிந்ததும் முதல் நாள் காலையிலேயே கிளம்பிவிட்டார். பாய், தண்ணீர் கேன், ஸ்டவ். துணைக்கு நான்.

"நாளைக்கு மத்தியானம்தானே நைனா வருது?"

"இந்த வாட்டி நம்ம வண்டிதான் மொத வண்டி. பேசாம வா."

விமான நிலையத்தில் வரிசையே இல்லை. அவருக்குப் பெரிய ஏமாற்றம். தூண் ஓரமாகப் பாயை விரித்தார். காவலர் ஓடிவந்தார்.

"ஐயா, இங்க ஸ்டவ்லாம் பத்தவெக்கக் கூடாது!"

"எங்க சார் பத்தவெச்சேன்? சும்மா வெச்சிகினு கீறேன்."

நான் ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் மதியம் திரும்பிப் போனால், கம்பித் தடுப்பைப் பிடித்தபடி முதல் ஆளாக நிற்கிறார். கண் இரண்டும் சிவந்திருந்தன. சட்டை கசங்கியிருந்தது.

கண்ணாடிக் கதவு திறந்தது. குழந்தையோடு மகள் வெளியே வந்தாள்.

"எப்போ வந்தே நைனா? ரொம்ப நேரம் நின்னியா?"

ஒரு கன்டெய்னர் இறக்கக் காத்திருந்த கதையைத் தெருவுக்கே ஒரு வாரம் சொல்லும் மனிதர். நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"இப்பத்தாம்மா. நான் வந்தேன், நீ வந்துட்டே."

காவலர் என்னைப் பார்த்தார். நான் குழந்தையை வாங்கிக்கொண்டேன். அந்த ஒரு பொய்க்காகவே அந்த மனுஷன் மேல் எனக்கு இன்றும் கொள்ளைப் பிரியம்.