ஊத்தியாச்சு ஸ்டான்லி

ஒரு மூடிக்கு இருநூறு கோடி. பாட்டிலின் மேல் அப்படித்தான் போட்டிருக்கிறது. இருநூறு கோடி உயிருள்ள பாக்டீரியாக்களை மடியில் வைத்துக்கொண்டு திருப்பதி - சித்தூர் பஸ்ஸில் ஒருவர் உட்கார்ந்திருந்தால், தயவுசெய்து அவர் பக்கத்தில் இடம் பிடிக்காதீர்கள். அவர்தான் 'ஊத்தியாச்சு' மனிதர். காணிப்பாக்கம் கிராஸ் வருவதற்குள் உங்களையும் மீன் தொட்டி வாங்க வைத்துவிடுவார்.

"மீன் கழிவு விஷம் சார். அத்தத் துன்றதுக்குத்தான் இந்தப் பாக்டீரியா. புதுத் தொட்டியில தானா வளரணும்னா வாரக்கணக்குல காத்துக்கினு இருக்கணும். நமக்கு எதுக்கு அந்தத் தொல்லை? ஊத்தியாச்சு, முடிஞ்சிபோச்சு!"

சோப்பு விளம்பரத்தில் மட்டுமே பாக்டீரியாவைச் சந்தித்திருந்தவர் பேசும் பேச்சைப் பாருங்கள்! இந்த இனத்துக்குக் காத்திருப்பது என்றால் ஆகாது. லிஃப்ட் பொத்தானை நாலு முறை அழுத்துவார்கள். ரேணிகுண்டாவில் இறங்க வேண்டியவர்கள் முந்தைய ஸ்டேஷனிலேயே பெட்டியோடு கதவருகே நின்று, ஏறுகிறவர், இறங்குகிறவர், டீ விற்கிறவர் அத்தனை பேரின் வசவையும் வாங்கிக்கொண்டு, வண்டியைத் தாங்களே தள்ளி வந்தது போன்ற களைப்புடன் இறங்குவார்கள்.

எங்கள் சித்தூர் ஸ்டான்லி இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி. மகள் பிளெஸ்ஸிக்காகத் தொட்டி வாங்கினார். திருப்பதியில் மீன் கடை ஹரிபிரசாத், "பர்வாலேது, ஒண்ணும் ஆவாது சார், பாட்டில ஊத்துங்க, சாயந்திரமே மீன் வுடுங்க" என்றார். ஸ்டான்லி சாயந்திரம் வரைகூடப் பொறுக்கவில்லை. ஆரஞ்சு நிறத் தங்கமீன் ஒன்று நீந்தத் தொடங்கியது. பிளெஸ்ஸி அதற்குக் கேரட் என்று பெயர் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கேரட் காலமானது. அடுத்த வாரம் இரண்டாவது கேரட், புது பாட்டில். அதுவும் ஞாயிற்றுக்கிழமையே போய்ச் சேர்ந்தது. "இன்னொண்ணு செத்துதுன்னா எனக்குத் தொட்டியே வாணாம் நைனா" என்று பிளெஸ்ஸி சொல்லிவிட்டாள். மூன்றாவது கேரட் வந்த வாரம்தான் ஸ்டான்லி வீட்டில் ஜெபக்கூட்டம்.

ஞாயிறு மாலை. சபை மூப்பர் வேதநாயகம் கண்களை மூடி, உலக நாடுகளுக்கெல்லாம் ஜெபித்து முடித்து, அப்போதுதான் ஆந்திர எல்லைக்குள் நுழைந்திருந்தார்.

"நைனா! கேரட் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடிக்கினு கீது!"

மூப்பர் ஒரு கண்ணைத் திறந்தார். ஸ்டான்லி பாட்டிலைத் திறந்தார்.

"ஊத்தியாச்சும்மா, இப்ப சரியாப்பூடும்."

"அந்தப் பாக்டீரியாங்க எங்க நைனா குடியிருக்கும்? ஃபில்டர் ஸ்பாஞ்சுலதானே?"

"ஆமா."

"அத்த நேத்து நீ என்னா பண்ண?"

சபையே அவரைப் பார்த்தது. நேற்று சனிக்கிழமை. மிஷன் காலத்திலிருந்து இந்தக் குடும்பங்களில் சனிக்கிழமை என்றால் துப்புரவு. ஞாயிறு ஆராதனைக்கு முன் தரை, ஜன்னல், செருப்பு, குழந்தைகள் எதுவும் அழுக்காக இருக்கக் கூடாது. வாரா வாரம் இருநூறு கோடிப் பேரைக் குடிவைத்த கையோடு, அவர்களுடைய வீட்டைக் குழாயடிக்குக் கொண்டுபோய், ப்ளீச்சிங் பவுடர் போட்டு, பிழிந்து, உதறி, 'என்னா வெள்ளை!' என்று ரசித்து, மறுபடி தொட்டியில் மாட்டிக்கொண்டிருந்தார் நம்மவர்.

"அழுக்கா இருந்துச்சும்மா..." என்றார் மெதுவாக.

"அந்த அழுக்குதான்யா நீ காசு குடுத்து வாங்கினது!" என்று தலையில் அடித்துக்கொண்டார் மனைவி அபிகாயில். "பக்கெட்ட எடு!"

ஜெபக்கூட்டம் தீயணைப்புப் படையாக மாறியது. மாடியில் முந்தாநாள் பிடித்துவைத்த, குளோரின் வாடை போன டிரம் தண்ணீர் கைமாறிக் கைமாறிக் கீழே வந்தது. பாட்டுப் புத்தகங்கள் சோபாவின் கீழ் போயின. வேதநாயகம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "பாதித் தண்ணிய மாத்து! மெதுவா, மெதுவா!" என்று போதகம் பண்ணும் அதே குரலில் முழங்கினார். பிளெஸ்ஸி கண்ணாடியில் மூக்கை ஒட்டி நின்றாள்.

கேரட் ஒரு சுற்று வந்தது. அடியில் கிடந்த கூழாங்கல்லைக் கொத்தித் துப்பியது. அல்லேலூயா என்று யார் முதலில் சொன்னார்கள் என்பது இன்னும் சர்ச்சைக்குரிய விஷயம்.

"பாத்தீங்களா?" என்றார் ஸ்டான்லி, நனைந்த சட்டையோடு. "கடைசியா ஊத்தினேனே, அதான் வேலை செஞ்சிக்கீது!"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். பாலுக்கு உறை ஊற்றிவிட்டு, தோய்ந்ததா என்று பாத்திரத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, கடைசியில் பாலும் இல்லாமல் தயிரும் இல்லாமல் ஆக்கியது யார்? மாத்திரை தொண்டையில் இறங்குமுன் டாக்டருக்கு போன் போட்டு, காய்ச்சல் விடவில்லை என்று புகார் சொன்னது யார்? அப்புறம், மூன்று பத்தி முன்பே இதன் முடிவைத் தேடிக் கண்ணைக் கீழே ஓடவிட்டது யார்?

ஸ்டான்லி வீட்டில் இந்தச் சனிக்கிழமையும் எல்லாவற்றையும் கழுவுகிறார்கள். தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு பிளெஸ்ஸி காவலுக்கு உட்கார்ந்திருக்கிறாள்.