ஒற்றைத் தொலைபேசிக் கம்பிக்கு நடந்த பெரும்போர்

வாழி மங்களேஸ்வரி! வாசற்படி தாண்டாமலே வேலைக்குப் போய்வருபவளே, செவியிரண்டிலும் கருங்கவசம் பூண்டவளே, தையல் மெஷினுக்கு உள்ளது போன்றதொரு மிதிகட்டையை வலக்காலால் மிதித்துக் கடல்களுக்கு அப்பாலுள்ள வைத்தியர்தம் நாவை நிறுத்தியும் ஓட்டியும் ஆள்பவளே, வாழி! மஹய்யாவ மேட்டு வாடகை வீட்டின் நடுவறையில், அரிசி மூட்டைக்கும் அலுமாரிக்கும் இடைப்பட்ட நிலப்பரப்பில், பிளாஸ்டிக் கதிரையாகிய சிங்காதனத்தில் அமர்ந்து நீ பொருத அந்தப் பிற்பகலைப் பாடப் புகுந்தேன். பாட்டு எனக்கு வராது. வசனத்திற் சொல்கிறேன், பொறுத்தருள்க.

அவள் தொழில் இன்னதென்று அறியாதார் அறிக. வெளிநாட்டு ஆசுபத்திரிகளில் வைத்தியப் பெருமக்கள் நோயாளரைப் பார்த்த கையோடு, எழுதப் பஞ்சிப்பட்டு, வாயாற் சொல்லிப் பதிந்துவிடுவர். ஒருவர் பாண் துண்டைக் கடித்தபடி சொல்வார். ஒருவர் கார் ஓட்டியபடி சொல்வார். ஒருவர் இடைநடுவே மனைவியோடு சண்டை பிடித்து முடித்து, விட்ட இடத்திலிருந்து ஈரலைப் பற்றித் தொடர்வார். அக்குரல்களெல்லாம் தொலைபேசிக் கம்பி வழியே கண்டி மலைக்கு ஏறிவர, மங்களேஸ்வரி அவற்றைக் கேட்டுக் கேட்டு எழுத்தாக்கி, அன்றன்றே அதே கம்பி வழியாகக் கொழும்புக் கம்பனிக்கு இறக்கி அனுப்புவாள். ஏற்கெனவே இருமுறை பிந்திவிட்டாள். இனியொருமுறை பிந்தினால் வேலையை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவோம் என்று கம்பனியார் மிக மரியாதையாகச் சொல்லியிருந்தனர். அந்நாளிலோ, வடக்கே போர் மூண்டிருக்க, மலையகத்து நீர்த்தேக்கங்களும் வற்றிக் கிடந்தமையால், பொழுது சாயும் வேளையில் ஊர் முழுவதும் கரண்ட் போய்விடும். ஆதலால் கதிரவன் ஹந்தான மலைக்குப் பின்னே மறையுமுன் அறிக்கைகள் போய்ச் சேரவேண்டும்; இல்லையேல் வேலை போய்ச் சேரும்.

கம்பியோ ஒன்று. அதன் ஒரு கிளை மங்களேஸ்வரியின் கொம்பியூட்டரில் முடிந்தது. மறு கிளை முன்னறையில், பூவேலை விரிப்புப் போர்த்து முக்காலிமேல் வீற்றிருந்த பச்சைத் தொலைபேசியில் முடிந்தது. கொம்பியூட்டர் பேசுங்கால் பச்சைத் தொலைபேசியின் றிசீவரை எவரும் தூக்கலாகாது. தூக்கினால், அதுவரை அனுப்பியதெல்லாம் அறுந்து, ஆதியிலிருந்து அனுப்பவேண்டும். இது அக்காலத்துப் போர் விதி.

அந்த முக்காலியின் அருகே, மூக்குக்கண்ணாடி மின்ன, இளைப்பாறிய ஆசிரியை என்னும் விருது தாங்கி, வெல்லற்கரிய கோட்டைபோல் அமர்ந்திருந்தார் மாமியார் கமலாசனி. அவருடைய ஒரே மகனும் மங்களேஸ்வரியின் கணவனுமாகிய விமலநாதன் கொழும்பிலே கந்தோர் வேலை, வெள்ளவத்தையிலே அறை. இடையிலுள்ள தெருக்களிலே சோதனைச் சாவடிகள். தமிழ்ப் பெயருள்ள அடையாள அட்டைகளை அவை அவ்வளவு சுலபமாகத் திருப்பித் தருவதில்லை. ஆகவே அறைக்கு வந்ததும் "வந்திட்டன் அம்மா" என்று அவன் மாலைதோறும் சொல்லும் அந்த இரு சொற்களுக்காகவே கமலாசனியின் நாள் முழுவதும் நடந்தது. எண்பத்து மூன்று ஆடியில், கலவரக்காரர் தெருவுக்கு வருமுன்னரே தொலைபேசியின் மூச்சு நின்றதைத் தம் செவியாற் கேட்டவர் அவர். அன்று முதல், தேநீருக்கு முன்னும் தேநீருக்குப் பின்னும், ஒரு கோழிச் சத்தம் கேட்டாலும், றிசீவரைக் காதில் வைத்து மூச்சிருக்கிறதா என்று பார்ப்பதை விரதமாகக் கொண்டிருந்தார்.

முதற் போர் தொடங்கிற்று. அறிக்கைகள் அனைத்தையும் கட்டியெடுத்து மங்களேஸ்வரி பொத்தானை அழுத்த, கொம்பியூட்டர் நூறு சங்கு ஒருங்கே முழங்கினாற்போல் பிளிறி, கனைத்து, கீச்சிட்டு அடங்க, திரையிலே ஒரு பச்சைக் கோடு புழுப்போல் ஊரத் தொடங்கிற்று. கால்வாசி ஊர்ந்தது. அரைவாசி ஊர்ந்தது. அவ்வமயம் முன்னறையிலே ஒரு கோழி கத்திற்று. கோடு மாய்ந்தது.

மங்களேஸ்வரி காதுக்கவசம் கழுத்தில் ஆட, களத்தினின்று எழுந்து வந்து, அண்டம் அதிர இவ்வாறு முழங்கினாள்:

"மாமி, போனைத் தூக்கினீங்களோ?"

"இல்லைப் பிள்ளை. நான் ஏன் தூக்கிறன்? லைன் இருக்கோ எண்டு பாத்தனான்."

"அதுக்குத் தூக்கத்தானே வேணும்?"

"தூக்கிறது கதைக்கிறதுக்கு. இது பாக்கிறது. ரெண்டும் ஒண்டே?" என்றருளிய கமலாசனி, பகைவரின் பாசறைச் செய்தியொன்றையும் கூடவே வெளியிட்டார்: "உள்ளுக்க ஆரோ பண்டி கத்திற மாதிரிக் கத்துறான்."

"அது என்ர கொம்பியூட்டர் மாமி!"

"அப்ப அதுக்கு ஏதோ வருத்தம், டொக்டரிட்டக் காட்டு."

நெடிய தூதுக்குப் பின் உடன்படிக்கை ஒன்று ஏற்பட்டது. மருமகள் வந்து சொல்லும்வரை தம் கை தொலைபேசியைத் தீண்டாது என்று சுவாமிப் படத்தைப் பார்த்துக் கமலாசனி வாக்களித்தார்.

இரண்டாம் போரில் கோடு முக்கால்வாசி ஊர்ந்துவிட்ட வேளை, அடுத்த வீட்டுச் சுப்பம்மா, குடைக்குள் பாதியும் வெயிலுக்குள் பாதியுமாய், புதிய படையெனப் புகுந்தாள். அவள் மகள் சீதா கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நின்றாள். அவளுடைய அழைப்புகளும் இந்தப் பச்சைத் தொலைபேசிக்கே வரும்.

"டீச்சரம்மா, சீதா கோல் எடுத்துச்சுங்களா? இன்னிக்கு எடுக்கிறேன்னு சொல்லியிருந்துச்சு."

"இல்லைச் சுப்பம்மா. மணியே அடிக்கேல்லை."

"காலையிலேர்ந்தா?"

"காலமையில இருந்து."

இருவரும் தொலைபேசியைப் பார்த்தனர். மூச்சு நின்ற பிள்ளையைத் தாயர் பார்க்கும் பார்வை அது. காலையிலிருந்து குரல்களை ஏற்றியும் எழுத்தை இறக்கியும் அந்தக் கம்பி ஓயாது சுமந்தமையால் வெளியார் எவரும் உள்ளே புக இயலவில்லை என்னும் உண்மையை அவர்களுக்கு உரைப்பார் இலர்.

"செத்துருச்சுங்களா?" என்றாள் சுப்பம்மா.

கமலாசனி சத்தியம் தவறாதவர். தம் இரு கைகளையும் மடிமேல் வைத்துக்கொண்டு, தருமத்தின் நுண்பொருளை ஆராய்ந்து, இவ்வாறு ஆணையிட்டார்:

"நான் தொடமாட்டன் எண்டு சொல்லிப்போட்டன். நீ பார்."

சுப்பம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பார்த்தாள். உள்ளே மங்களேஸ்வரி போட்ட கூக்குரல் மடவளை ஊர்வரை கேட்டிருக்கும்.

கதிரவன் ஹந்தானயின் தோளில் சாய்ந்துவிட்டான். இனி ஒருமுறைதான். வாள்வலி பயன்படாதவிடத்துச் சூழ்ச்சியே வலியென உணர்ந்த மங்களேஸ்வரி, பகைப்படையை இரண்டாகப் பிளந்தாள். சுப்பம்மாவின் வலக்கையைப் பற்றித் தொலைபேசிமேல் வைத்து, "சுப்பம்மாக்கா, இதை இறுக்கி அமத்திப் பிடியுங்கோ. ஒருத்தரும் தூக்கக் கூடாது" என்றாள்.

"யாரும்மா தூக்கப் போறா?"

"நீங்கதான்."

பின்னர் மாமியாரைக் கைத்தாங்கலாக நடுவறைக்கு அழைத்துச் சென்று, தன் சிங்காதனத்தில் இருத்தி, தன் கருங்கவசத்தை அவர் செவிகளிற் பூட்டி, மிதிகட்டையை அவர் பாதத்தின்கீழ்த் தள்ளினாள். பிறர் நோயைப் பிறர் செவிக்கு ஈயேன் என்று கம்பனிக்குக் கையெழுத்திட்டுக் கொடுத்த சத்தியத்தை அக்கணமே அவள் முறித்தாள். வீரர் சிலவேளை பாவமும் சுமக்க நேரும்.

பொத்தான் அழுந்திற்று. சங்குகள் முழங்கின. கோடு ஊர்ந்தது. கமலாசனியின் முகத்திலோ, திருவிழாவுக்கு வந்த பிள்ளையின் வியப்பு மலர்ந்தது. கன்னியர் மடத்துப் பள்ளியிற் கற்ற ஆங்கிலம் அவருக்கு வீண்போகவில்லை.

"ஓம்... ஓம்... சொல்லுங்கோ டொக்டர்" என்றார், காதடைத்தவர்க்கே உரிய உரத்த குரலில். "பிள்ளை! ஆருடைய பித்தப்பை இது? கல்லாம்!"

"மாமி, அது இரகசியம். வெளியில சொல்லக் கூடாது."

"நான் ஆருக்குச் சொல்லப் போறன்? சுப்பம்மா! அங்க ஒரு மனிசிக்குப் பித்தப்பையில கல்லாம்!"

"ஐயோ பாவம்!" என்று முன்னறையிலிருந்து காவற்படை கதறிற்று. "வாந்தியும் வருதாமா?"

"பொறு, கேட்டுச் சொல்லுறன்."

அவர் கேட்க, வைத்தியர் உரைக்க, கோடு திரையின் மறுகரையைச் சென்று முட்டி, 'அனுப்பப்பட்டது' என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லாய் மலர்ந்தது. மலர்ந்த மறுகணம் கரண்ட் போயிற்று.

"பிள்ளை, டொக்டர் கதைக்கிறாரில்லை."

"கரண்ட் போட்டுது மாமி. ஆனா எல்லாம் போய்ச் சேந்திட்டுது!"

வென்றாள் மங்களேஸ்வரி! வேலை நிலைத்தது! இருளிலே அவள் நெற்றி வியர்வை வெற்றி முத்தெனத் துளிர்த்தது. அந்நேரம் பச்சைத் தொலைபேசி வீறிட்டு அலற, அமத்திப் பிடித்திருந்த சுப்பம்மாவும் அதனோடு சேர்ந்து அலறினாள்.

"தூக்கலாங்களா?"

"தூக்குங்கோ!" என்றன இரு குரல்கள்.

சீதாதான். நல்லாத்தான் இருக்கிறாளாம். தாயும் மகளும் பித்தப்பை பற்றி நெடுநேரம் உசாவினர். கமலாசனி முக்காலியைப் பிடித்தபடி, "வை எண்டு சொல்லு, என்ர மகன் எடுப்பான், வை எண்டு சொல்லு" என்று நின்றார். சுப்பம்மா றிசீவரை வைத்தாள். மணி அடிக்கவில்லை. மெழுகுதிரி ஏற்றினர். விமலநாதன் அழைக்கும் நேரம் வந்து, நின்று, கடந்து போயிற்று. கமலாசனி பார்த்தார், மூச்சு இருந்தது. சுப்பம்மா வீட்டுக்குப் போகாமல் இருந்தாள். சற்று நேரத்தில் மங்களேஸ்வரி, மாமியாரின் முகத்தைப் பார்க்காமல், தானும் றிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள். மூச்சு இருந்தது. அன்று அதனால் ஒருவருக்கும் ஆறுதல் இல்லை.

அப்போது கதவு தட்டப்பட்டது.

போர்க்காலத்து இருளிலே தட்டப்படும் கதவு எத்தகையதென்று நான் சொல்லத் தேவையில்லை. மூவரும் சித்திரத்தில் எழுதினாற்போல் நின்றனர். கமலாசனியே மெழுகுதிரியை வேலென ஏந்தி முன்சென்று, நடுங்காத ஆசிரியைக் குரலில் வினவினார்:

"ஆரது?"

"நான்தான் அம்மா."

விமலநாதன்! கந்தோர் உடுப்போடு, கழுத்தில் கட்டும் ரை சட்டைப்பைக்குள் சுருண்டு கிடக்க, வியர்த்து விறுவிறுத்து வாசலில் நின்றான்.

"காலமையில இருந்து எடுக்கிறன், எங்கேஜ், எங்கேஜ், எங்கேஜ். கண்டியில ஏதோ பிரச்சினை எண்டு கந்தோரில கதைச்சினம். உங்களுக்கு என்னவோ எண்டு லீவும் சொல்லாமப் பஸ் ஏறிட்டன். இடத்துக்கிடம் ஆமி மறிச்சு இறக்கி ஏத்தினவங்கள். ஏன் ஒருத்தரும் போனைத் தூக்கேல்லை?"

"மடையா!" என்று தாய் அவன் தோளில் ஓங்கி அறைந்து, அறைந்த கையை எடுக்காமலே நின்றார். "போனுக்கு ஒண்டுமில்லை! நான் பாத்துக்கொண்டுதானே இருந்தனான்!"

இவ்வாறாக, எந்தச் சாவடிகளை அவன் தாண்டுவானோ என்று ஒரு வீடு நாள்தோறும் அஞ்சிற்றோ அந்தச் சாவடிகள் அனைத்தையும் அந்த வீட்டுக்காக அஞ்சியே தாண்டி வந்த காளையும், ஒற்றைக் கம்பியால் உலகத்து வைத்தியரையெல்லாம் கட்டியாண்ட காரிகையும், சத்தியம் தவறாத மூதாட்டியும், இட்ட காவலை இறுதிவரை விடாத அயல்வீட்டு வீராங்கனையும் ஒரு மெழுகுதிரியின் ஒளியில் ஒருவரையொருவர் நோக்கி நிற்க, வானோர் பூமாரி பொழிய எழுந்தனர்.

இடியப்பத்துக்கு மா போதாததால் வீட்டார் கடையில் பாண் வாங்கினார்கள்.