மாஸ்க்குக்குள் பத்து நாள்

பள்ளிக்கூடம் திறக்கப் பத்து நாள் இருந்தது. உப்பளம் பகுதியில் வீட்டு முன்னறையிலேயே தையல் கடை வைத்திருந்த வைத்திலிங்கம், கத்தரிக்கோலை மேசைமேல் ஓங்கி வைத்து மனைவியிடம் சபதம் செய்தார்.

"எம் பொண்ணு மொதல் நாள் கேட்டுல அழவும் கூடாது, மாஸ்க்கைக் கழட்டவும் கூடாது. உங்கண்ணன் மூஞ்சில கரியைப் பூசறேன் பாரு!"

காரணம் இருந்தது. மகள் சங்கவி எல்கேஜி, யூகேஜி இரண்டையும் கொரோனா புண்ணியத்தில் செல்போனிலேயே, பாதித் தூக்கத்தில் முடித்தவள். ஒன்றாம் வகுப்புக்குத்தான் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தைக் கண்ணால் பார்க்கப் போகிறாள். "கேட்டுலயே உருண்டு அழும், மாஸ்க் பத்து நிமிஷம் நிக்காது" என்று மச்சான் முத்துவேல் போனில் சொன்னதாக மனைவி அன்புசெல்வி காலையில்தான் சொல்லியிருந்தாள்.

முத்துவேலோடு வைத்திலிங்கம் பேசி எட்டு வருஷம் ஆகிறது. மச்சான் வீட்டுக் கல்யாணப் பந்தியில் பாயசம் பக்கத்து இலையோடு நின்றுவிட்டது. அந்த வாளியின் நிறம்கூட வைத்திலிங்கத்துக்கு இன்னும் ஞாபகம்.

திட்டம் அன்றே தொடங்கியது. ஆறு மணிக்கு எழ வேண்டும். சோப்புப் போட்டு இருபது எண்ணும்வரை கை கழுவ வேண்டும். ஒன்பதிலிருந்து மூன்றரை வரை மாஸ்க். மாஸ்க்கை அவரே பூப்போட்ட துணியில் தைத்தார். சங்கவி பத்தாவது நிமிஷம் பிடுங்கிப் போட்டாள்.

"போடு பாப்பா."

"அப்பா மட்டும் போடல?"

"அப்பா பெரியவன்டா."

அன்புசெல்வி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "பெத்தவங்களைப் பாத்துத்தாங்க புள்ளைங்க கத்துக்கும். நீங்களும் மாட்டிக்குங்க. முடியலன்னா உடுங்க, அண்ணன்கிட்ட சொல்லிடறேன்."

"எவன் சொன்னான் முடியாதுன்னு?"

மாட்டிக்கொண்ட பிறகுதான் உறைத்தது. இடது கன்னத்தில் புகையிலை! துப்பவும் வழியில்லை, விழுங்கவும் வழியில்லை. இருபது வருஷப் பழக்கம். கன்னத்தின் உள்ளே வெள்ளையாக ஒரு திட்டு இருக்கிறது, உடனே நிறுத்து என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷம் ஆகிறது. அன்புசெல்வி கெஞ்சினாள், அழுதாள், பேசாமல்கூட இருந்து பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

இரண்டாம் நாள் சங்கவியே மிஸ் ஆனாள். அப்பா மாணவன். பதினோரு மணிக்கு அவர் சுண்டுவிரலைக் காட்டினார்.

"மிஸ், ஒண்ணுக்கு."

"இப்பதானே போன? மடியில இன்னா அது?"

"மிட்டாய் மாதிரி ஒண்ணு, மிஸ்."

"ஸ்கூல்ல மிட்டாய் கூடாது. குடு!"

பொட்டலம் அம்மா கைக்குப் போனது. பள்ளி நேரம் முடிந்ததும் அவர் தெருமுனைக் கடைக்கு ஓடி, வேறு வாங்கி, ஒரு நாளுக்கானதை ஒரே மூச்சில் மென்று தீர்த்தார். மறுநாள் காலை மாஸ்க்கை மாட்டினால், நேற்றைய நாற்றம் முழுக்க உள்ளேயே நின்றது. தன் வாயைத் தானே ஆறரை மணி நேரம் மோந்தார். அன்று சாயங்காலம் கடைப்பக்கம் போகவில்லை.

நாலாம் நாள் தலைவலி. ஐந்தாம் நாள் ஒரு யூனிபார்ம் சட்டைக்கு இரண்டு பக்கமும் இடது கை தைத்துவிட்டார். "வேணாங்க, இதோட உட்டுருங்க. அண்ணனும் அஞ்சு நாளுதான் தாங்கும்னாரு" என்றாள் அன்புசெல்வி. அவர் மாஸ்க்கை இன்னும் இறுக்கிக் கட்டினார். ஏழாம் நாள் சாப்பிடும்போது நிமிர்ந்து பார்த்தார்.

"சாம்பார்ல இன்னைக்கு புதுசா இன்னா போட்ட?"

"கல்யாணம் ஆன நாளா போடறதைத்தான் போட்டேன்."

பள்ளி திறந்தது. சங்கவி பூப்போட்ட மாஸ்க்கோடு கேட்டுக்குள் நடந்தாள். அழவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வைத்திலிங்கத்தின் மாஸ்க்தான் நனைந்தது.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கை நீட்டினார்.

"போனைக் குடு. உங்கண்ணன்கிட்ட நானே பேசறேன்."

"வேணாங்க, நான் சொல்லிக்கறேன்."

"எட்டு வருஷமா காத்துக்கினு இருக்கேன். குடுடி!"

மணி அடித்தது. எடுத்ததுமே ஆரம்பித்தார். "மச்சான்! கேட்டுக்க. எம் பொண்ணு அழல! மாஸ்க்கைக் கழட்டல! நான் பொகையிலைய உட்டு எட்டு நாளாவுது! இப்ப இன்னா சொல்ற?"

அந்தப் பக்கம் டி.வி. சத்தம் குறைந்தது.

"யாரு, மாப்ளையா? எட்டு வருஷம் கழிச்சுப் பேசறீங்க, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. பாப்பா ஸ்கூலுக்குப் போறாளா? எனக்குத் தெரியவே தெரியாதே. செல்வி எனக்குப் போன் பண்ணியே ரெண்டு மாசம் ஆவுது!"

வைத்திலிங்கம் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். அன்புசெல்வி இன்னும் மாஸ்க்கைக் கழற்றவில்லை. சிரிக்கிறாளா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.