நாலு மூலையில் மஞ்சள்

"அம்மா, இந்த அட்டையில என்னத்தைத் தடவி வச்சிருக்க?"

"மஞ்சதான். புதுசா ஒரு தாளு வூட்டுக்குள்ள வந்தா நாலு மூலைக்கும் மஞ்ச வைக்காம வேற என்ன வைப்பாங்க?" என்றாள் பஞ்சவர்ணம். கல்யாணப் பத்திரிகை, நிலப் பத்திரம், பேங்க் பாஸ்புக் எதுவானாலும் அந்த வீட்டில் அவள் விரல் படாமல் பீரோவுக்குள் போனதில்லை.

ஆனால் கலையரசன் கையில் இருந்தது சுவிஸ் வாட்ச் ஒன்றின் ஒரிஜினல் அட்டை. எந்தக் கடையில் விற்றது, என்றைக்கு விற்றது, வாட்ச் நம்பர் என்ன என்று எல்லாம் எழுதி சீல் குத்திய கெட்டித் தாள். விடிந்தால் பெரம்பலூர் மண்டபத்தில் தங்கை வினோதினிக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை ரஞ்சித்குமார் கையில் மச்சான்காரன் அந்த வாட்ச்சைக் கட்டிவிட வேண்டும்.

கலையரசன் வேப்பந்தட்டையில் பழைய டிராக்டர் வாங்கி விற்கிறவன். தன்னை ஏமாற்ற ஒருத்தன் இனிமேல்தான் பிறந்து வரணும் என்பது அவன் எண்ணம். மாப்பிள்ளை ஆசைப்பட்ட மாடல் இப்போது புதிதாக வருவதில்லை என்றதும், நேராகத் திருச்சிக்குப் போய்ப் பழைய வாட்ச் விற்கிற கடையில் உட்கார்ந்துவிட்டான்.

"பேப்பர் இல்லாம ஒண்ணு இருக்கு சார். விலை ரொம்பக் குறையும். வாட்ச் ரெண்டும் ஒரே வாட்ச்தான்" என்றார் கடைக்காரர்.

"ஆர்.சி. புக் இல்லாத வண்டியை நான் தொட்டுக்கூடப் பாக்க மாட்டேங்க. பேப்பரோட எடுங்க" என்று காலை ஆட்டிக்கொண்டே சொன்னான்.

அதற்குக் காரணமும் இருந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் தா.பழூர் அங்கமுத்து இருக்கிறாரே, அவர் தக்காளி வாங்கினாலே பில் கேட்கிற ஆள். அவர் வீட்டு விசேஷம் ஒன்றில் யாரோ கட்டிவிட்ட வாட்ச், பந்தி முடிவதற்குள் நின்றுபோய்விட்டதாம். அன்றைக்குப் பிடித்தது இந்த வியாதி.

"பழைய வாட்ச்சா இருந்தா தப்பில்ல தம்பி. பேப்பர் இல்லாத வாட்ச் எங்க புள்ள கையில ஏறாது. சபையில அட்டையைப் பாத்துட்டுத்தான் தட்டு மாத்துவோம்" என்று முன்னாடியே சொல்லிவிட்டார். கலையரசனும் பெருமையாக அட்டையைப் படம் எடுத்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான்.

இப்போது அந்த அட்டையில்தான் மஞ்சள்.

"ஒண்ணும் பிரச்சினை இல்ல. நான் பாத்துக்கிறேன்" என்று ஈரத்துணியை எடுத்தான். மூலையில் இருந்த மஞ்சள் நடுவுக்கு வந்துவிட்டது.

"சோப்பு போட்டா போயிடும்" என்று அவனே அவனுக்கு யோசனை சொல்லிக்கொண்டு லேசாகச் சோப்பைத் தேய்த்தான். அட்டை ரத்தச் சிவப்பாக மாறியது.

"அண்ணே, ஆரத்தி கரைச்ச மாதிரி இருக்குண்ணே" என்றாள் வினோதினி.

"உன் நகப்பாலீஷை அழிக்க ஒண்ணு வச்சிருப்பியே, அதைக் கொண்டா."

அது நன்றாகவே வேலை செய்தது. சிவப்பு போயிற்று, மஞ்சள் போயிற்று, கூடவே சீல், தேதி, வாட்ச் நம்பர் எல்லாம் போயிற்று. கையில் சுத்தமான வெள்ளை அட்டை மிஞ்சியது. திருச்சிக்குப் போன் போட்டால், "ஒரு வாட்ச்சுக்கு ஒரு அட்டைதான் சார். கம்பெனிக்காரனே வந்து கேட்டாலும் இன்னொண்ணு கிடையாது" என்று வைத்துவிட்டார்கள்.

வினோதினி சுவரோரமாக உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். "எனக்கு அவரை ரொம்பப் புடிச்சிருக்குண்ணே. போயும் போயும் ஒரு அட்டைக்காக நின்னுபோச்சுன்னா என்னால தாங்க முடியாது."

தங்கை அழுதால் கலையரசனுக்குப் பொறுக்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். "நின்னுடுமா? நான் எதுக்கு இருக்கேன்? முகத்தைக் கழுவிட்டுப் போய் மருதாணி வை" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

படம்தான் போனில் இருக்கிறதே, அதைப் பார்த்து அச்சடித்துவிட்டால் தீர்ந்தது. வாட்ச் நல்ல வாட்ச், நம்பர் நிஜ நம்பர், இதில் என்ன பாவம் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டான். பெரம்பலூரில் அடித்தால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று, யாருக்கும் தன்னைத் தெரியாத அரியலூருக்கு ஓட்டினான். அவன் புத்திசாலித்தனத்தை அவனே மெச்சிக்கொண்டபடி போனான்.

அரியலூர் கடைவீதியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற பிரஸ் வைத்திருந்தார் பூவரசன். எதற்கு, ஏன் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, படத்தைப் பார்த்து, எழுத்துக்கு எழுத்து அப்படியே இறக்கிவிட்டார். அந்த மாதிரிக் கெட்டி அட்டை ஒன்றே ஒன்றுதான் அவரிடம் மிச்சம் இருந்தது. அதில் அடித்துக் கவரில் போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து கவரைப் பிரித்த கலையரசன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். அட்டையின் உச்சியில், சுவிஸ் கம்பெனியின் பெயருக்கு மேலே, பளிச்சென்று ஒரு பிள்ளையார் சுழி.

போன் போட்டான். "என்னங்க இது, மேல சுழி போட்டிருக்கீங்க?"

"அது இல்லாம நம்ம பிரஸ்ஸை விட்டு இதுவரைக்கும் ஒரு அட்டை வெளிய போனதில்லீங்க. கம்ப்யூட்டர்ல தன்னால வந்துடும். நல்லதுதானுங்களே?" என்றார் பூவரசன்.

ரப்பரை எடுத்து அழித்துப் பார்த்தான். சுற்றியிருந்த கோடெல்லாம் மங்கிப்போய், சுழி மட்டும் தனியாக எடுத்துக் காட்டியது. பஞ்சவர்ணம் எட்டிப் பார்த்து, "இப்பதான்டா இது அட்டை மாதிரி இருக்கு" என்றாள்.

"கட்டைவிரலை வச்சு மறைச்சே காட்டிடுவேன். நீ மட்டும் கிட்ட வராத" என்றான்.

மறுநாள் காலை மண்டபத்தில் நாதஸ்வரம் ஊதிக்கொண்டிருந்தது. சந்தனம் கொடுத்துக்கொண்டு நின்ற கலையரசன், வெள்ளை வேட்டியில் சிரித்தபடி வாசலில் நுழைந்த ஆளைப் பார்த்துச் சந்தனக் கிண்ணத்தோடு குறுக்கே போய் நின்றான். பூவரசன்.

"நீங்க எங்கங்க இங்க?"

"மாப்பிள்ளை வூட்டுக்கு எந்த விசேஷம்னாலும் நம்ம பிரஸ்தானுங்க. அதான் கூப்பிட்டிருக்காங்க. ஆமா, அந்த அட்டை விஷயம்..."

"அதை அப்புறம் பேசிக்கலாம். மொதல்ல சாப்பிடுங்க." தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே போய்ப் பந்தியில் உட்கார வைத்தான். இலையில் கேசரியை அள்ளி வைத்து, பரிமாறுகிறவரிடம், "இவரு போதும்னு சொன்னாலும் விடாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தான்.

மேடையில் அங்கமுத்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையை நீட்டினார். "அட்டை?"

கலையரசன் கட்டைவிரலை உச்சியில் அழுத்திப் பிடித்துக் காட்டினான்.

"விரலை எடுங்க தம்பி."

எடுத்தான். அங்கமுத்து போனில் இருந்த படத்தைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். திரும்பவும் படத்தைப் பார்த்தார். சபையே அவர் வாயைப் பார்த்தது. வினோதினி புடவைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டு, தலைகுனிந்து நின்றாள். எல்லாத்தையும் சொல்லிக் காலில் விழுந்துவிடலாமா என்றுகூடக் கலையரசன் நினைத்தான்.

அங்கமுத்து அட்டையை மடியில் வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த மனைவி உண்ணாமலையைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாள் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரிஜினல்தான்" என்றார் அங்கமுத்து. "அப்படியே அச்சு அசலா இருக்கு. தட்டை மாத்துங்க."

பஞ்சவர்ணம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கலையரசன் மாப்பிள்ளை கையில் வாட்ச்சைக் கட்டினான். பெண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டார் வைர மோதிரம் போட்டார்கள். மோதிரத்தோடு கூட ஒரு கவரையும் கலையரசன் கையில் வைத்து, "பிரிக்கவெல்லாம் வேணாம் தம்பி, அப்படியே பீரோவுல வைங்க. சொந்தம்னு ஆயிட்டோம், நமக்குள்ள என்ன பேப்பரு" என்றார் அங்கமுத்து.

கலையரசனுக்குப் பெருமை தாங்கவில்லை. எப்பேர்ப்பட்ட அங்கமுத்து, நம்ம தைரியத்தைப் பார்த்து ஆடிப்போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டான். "என்ன இருந்தாலும் பேப்பர்னா பேப்பர்தான் மாமா. நான் எதையும் பக்காவாத்தான் செய்வேன்" என்று சபைக்கே கேட்கும்படி சொன்னான்.

அப்போதுதான் வயிறு முட்டச் சாப்பிட்ட பூவரசன், வெற்றிலை மென்றபடி மேடை ஏறினார். கலையரசன் பாய்ந்து தடுப்பதற்குள் அவர் அங்கமுத்து எதிரில் கைகூப்பி நின்றுவிட்டார்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க, உங்க வூட்டம்மா மஞ்ச வச்சுக் கெடுத்துட்டாங்கன்னு உங்க வைர மோதிர சர்டிபிகேட்டை அடிச்சுக் குடுத்தேன்ல, அதே கம்ப்யூட்டர்லதான் இந்தத் தம்பி அட்டையையும் போட்டேன், அதான் ரெண்டுலயும் சுழி விழுந்துருச்சு."