கிராம் சாரின் பச்சை வட்டப் பெரும்போர்

வெல்க கிராம் சார்! சிமெண்ட் தொழிற்சாலையின் எடைமேடைக்கு இருபத்திரண்டு ஆண்டுகளாக ஏகச் சக்கரவர்த்தியாய் வீற்றிருந்து, மலைமலையாய் வந்த லாரிகளையெல்லாம் ஒரு கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே நிறுத்துத் தள்ளிய நிறைகோல் நாயகர். ஐந்து கிலோ பிசகுக்காக ஐம்பது வண்டிகளை வெயிலில் வாட விட்ட வன்னெஞ்ச வேந்தர். ஓட்டுநர் குலம் முன்னால் 'சார்' என்றும் முதுகுக்குப் பின்னால் அச்சில் ஏற்ற முடியாத வேறொன்றாகவும் போற்றிய பெருந்தகை! அவர் ஒரு கைப்பேசிச் செயலியோடு மூன்று மாதம் பொருத கதையைச் சொல்லப் புகுகிறோம். பேட்டரி மாற்றினால் கண் திறக்கும் சமையலறைத் தராசே, நீ பக்கத்தில் இருந்து பார்த்தவள். நாங்கள் தடுமாறினால் எடுத்துக் கொடு.

ஒரு குப்பி ரத்தத்தில் மூண்டது அந்தப் போர். வருடாந்திரப் பரிசோதனைத் தாளைக் கையில் எடுத்த டாக்டரம்மா, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி ஆறு புள்ளி ஒன்று என்று வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இன்னும் சர்க்கரை வியாதி வரலை. வாசல்ல நிக்குது. ஆறரையைத் தொட்டா உள்ள வந்து உக்காந்துக்கும். மூணு மாசம் டைம் தரேன். வாயில போடறது எல்லாத்தையும் இந்த ஆப்ல எழுதுங்க."

நாயகர் நடுங்கினார். அதே வியாதி உள்ளே வந்து உட்கார்ந்த அவருடைய அண்ணனுக்கு வலது காலில் இப்போது மூன்று விரல்கள்தான். அந்தக் காலை நினைத்தபடியே வீடு திரும்பியவர், கூடத்தின் நடுவே நின்று, மின்விசிறியும் கேட்கும்படி சபதம் உரைத்தார்: "இருபத்திரண்டு வருஷமா லாரியை நிறுத்தவன் நான். ஒரு பிடி சோத்தை நிறுக்க முடியாதா?"

"லாரிக்கு வாய் கிடையாதுங்க" என்றாள் மனைவி. சொன்னதோடு நில்லாமல், அவர் உண்பதெல்லாம் தன் கைப்பேசியிலும் தெரியும்படி அந்தச் செயலியை அப்போதே இறக்கிக்கொண்டாள்.

அந்தச் செயலியின் பெருமையை என்னவென்பது! ஒரு நாளின் மாவுச்சத்து அளவுக்குள் அடங்கினால் திரையில் ஒரு பச்சை வட்டம் முழுநிலவாய் உதிக்கும், காகிதப்பூ மாரி பொழியும், 'அசத்திட்டீங்க சாம்பியன்!' என்று ஒரு குரல் கூவும். பெற்ற தகப்பனிடமோ தொழிற்சாலை மேலாளரிடமோ ஒருநாளும் கேட்டறியாத அந்தச் சொல்லுக்கு ஐம்பத்தொரு வயதில் கிராம் சார் அடிமையானார். முதல் வாரம் மெய்யாகவே பட்டினிப் போர்! வெள்ளரிக்காய் வீழ்ந்தது, வேகவைத்த முட்டைகள் அணியணியாய் மடிந்தன, மாலைத் தேநீர் தன் சர்க்கரையை இழந்து கைம்பெண்போல் கோப்பையில் கிடந்தது. ஏழு நாளும் பச்சை. எட்டாம் நாள் பசி, தன் முழுச் சேனையோடும் வயிற்றின் வடக்கு வாசலில் வந்து இறங்கியது.

இங்கே எடைமேடை சாத்திரத்தில் ஒரு சூத்திரத்தைச் சொல்லியாக வேண்டும். சரக்கேற்ற வரும் லாரியைக் காலியாக ஒருமுறை நிறுப்பார்கள், ஏற்றிய பின் ஒருமுறை நிறுப்பார்கள். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் சரக்கின் எடை. காலி வண்டியில் நாலு ஆளைப் படுக்க வைத்து நிறுத்துவிட்டு, பிறகு அவர்களை இறக்கிவிட்டுச் சரக்கேற்றினால், நாலு ஆள் எடைக்குச் சிமெண்ட் கணக்கில் வராமல் வெளியேறும். அப்படித் தார்ப்பாய்க்கு அடியில் படுத்திருந்த நால்வரை, ஒருவர் தும்மிய ஒரே தும்மலில் பிடித்து, ஓட்டுநரை ஆயுளுக்கும் வாசல் பக்கம் வரவிடாமல் விரட்டியவர் நம் நாயகர்.

அதே சூத்திரத்தைத்தான் அவர் மதிய உணவுக்கும் வகுத்துக்கொண்டார். எடைமேடை அறைக்குக் கூடவே கொண்டுபோன சமையலறைத் தராசில், டிபன் டப்பாவைத் திறந்து வைத்துச் சோறும் காயுமாய் ஒருமுறை நிறுப்பது. உண்டபின் காலி டப்பாவை ஒருமுறை நிறுப்பது. கழித்து வருவதைச் செயலியில் எழுதுவது. எட்டாம் நாள் எழுநூற்று நாற்பது கிராம். உண்டு முடிக்கும் வேளையில் சன்னலுக்கு வெளியே ஒரு லாரி ஊழிக்காலச் சங்கென முழங்க, அவசரத்தில் கரண்டியை உள்ளே போட்டு, மூடியை அழுத்தி மூடி, அப்படியே தராசில் ஏற்றிவிட்டார். நானூற்று எழுபது! உண்டது வெறும் இருநூற்று எழுபதா? வட்டத்தில் பாதிக்குமேல் இடம் மிச்சம் இருந்தது. அந்த மிச்சத்தில் நாயகர் நாலு பிஸ்கட் தின்றார், அன்றும் சாம்பியன்.

ஒன்பதாம் நாள் உண்மை தெரிந்தது. மூடியும் கரண்டியும் சேர்ந்து நூற்றெழுபது கிராம். கண்டார், கன்னம் சிவந்தார், சன்னல் வழியே வரிசையில் நின்ற லாரிகளை ஒருமுறை பார்த்தார். பிறகு, சத்தமில்லாமல், மூடியை எடுத்து மூடினார். அன்றிலிருந்து அதுவே சட்டமாயிற்று. தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்க அந்த அறையில் வேறு எடைமேடைக்காரர் இல்லை.

எண்பத்தொன்பதாம் நாள் வந்தது மகா யுத்தம். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் தம்பிக்குப் பிறந்தநாள். நாலு மணிக்கு மேசைமேல் சாக்லேட் கேக் ஒன்று கருங்கோட்டைபோல் எழுந்தது. நாலரைக்குள் எதிரிப் படையெடுப்பில் இடிந்து, ஒரே ஒரு துண்டு மட்டும் கொத்தளமாய் எஞ்சி நின்றது.

"சார், கடைசி பீஸ். நீங்க எடுக்கலேன்னா எறும்பு எடுத்துக்கும்" என்றான் தம்பி.

"எனக்குச் சுகர் பார்டர்ல இருக்குப்பா."

"பார்டர்ல காவலுக்குத்தான் நீங்க இருக்கீங்களே சார்!"

மூடியின் அருளால் வட்டத்தில் முப்பத்தொரு கிராம் மாவுச்சத்துக்கு இடம் மிச்சம். 'சாக்லேட் கேக்' என்று தேடினார்: நாற்பத்தெட்டு. பின்வாங்கவில்லை வீரர். 'கேக்' என்று மட்டும் தேடி, பட்டியல் எனும் அடர்வனத்தில் பெருவிரலை வாளாய் வீசி வீசி வழி சமைத்து, முப்பத்தாறையும் முப்பத்துமூன்றையும் வெட்டிச் சாய்த்துக்கொண்டே இறங்கி, அடியாழத்தில் ஒளிந்திருந்த 'கேக், சிறு துண்டு, கிரீம் இல்லாதது: இருபத்தொன்பது' என்ற இளவரசியைச் சிறைமீட்டார். எழுதியது பொய்யாகக் கூடாதல்லவா? நீதி தவறாத நிறைகோலார் கிரீம் முழுவதையும் ஆட்காட்டி விரலால் ஒட்ட வழித்தெடுத்தார். துண்டைத் தின்றார். பிறகு விரலை நக்கினார். விரலுக்கு அந்தச் செயலியில் பதிவு இல்லை.

பச்சை வட்டம் உதித்தது. பூமாரி பொழிந்தது. வீட்டில் மனைவியின் கைப்பேசியும் கூவியது. அவள் கணவரின் அண்ணனுக்குப் போன் போட்டு, "பரவாயில்லை மாமா, உங்க தம்பி கட்டுப்பாடா இருக்காரு" என்றாள். சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் உடைந்ததை நாயகர் அறியார்.

தொண்ணூறாம் நாள் ரத்தம் கொடுத்தார். மறுநாள் மாலை, வெற்றிமாலை வாங்கச் செல்லும் வேந்தரைப்போல், கைப்பேசியைக் கேடயமாய் நெஞ்சில் தாங்கி, மனைவி பின்தொடர, டாக்டரம்மாவின் அறைக்குள் நுழைந்தார் கிராம் சார்.

"ஆறு புள்ளி ஆறு" என்றார் டாக்டரம்மா.

"மெஷின் தப்பு!" என்று முழங்கினார் நாயகர். அபராதம் விதிக்கப்பட்ட ஒவ்வோர் ஓட்டுநரும் அவரிடம் முழங்கிய அதே முழக்கம். "தொண்ணூறு நாளும் பச்சை, பாருங்க!"

டாக்டரம்மா பார்த்தார். "போன் நல்லாத்தான் இருக்கு. அதுக்குச் சர்க்கரை இல்லை. நீங்க எப்படி நிறுக்கறீங்க?"

அஞ்சுவாரா அறிஞர்? காலி எடைச் சூத்திரத்தை அடியிலிருந்து நுனிவரை கையசைத்து, கண் விரித்து, இருபத்திரண்டு ஆண்டு அனுபவம் கரைபுரள விரித்துரைத்தார். "சாப்பிட்டு முடிச்சு, மூடியைப் போட்டு…" என்ற இடத்தில் அந்தப் பெருவெள்ளம் சட்டென நின்றது.

மனைவி மெதுவாகத் திரும்பினாள். "திறந்து வெச்சு நிறுத்ததுக்கு, மூடி போட்டா காலி எடை பாத்தீங்க?"

ஆயிரம் லாரிகளை எதிர்கொண்ட அந்தச் சிங்கநோக்கு, தரை ஓட்டின் ஒரு மூலையில் போய்ப் பதுங்கிக்கொண்டது. சுவரில் மாட்டியிருந்த பாதப் படத்தின் ஐந்து விரல்களையும் மனைவி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவும் இல்லை, திட்டவும் இல்லை. டாக்டரம்மா பேனாவை எடுத்தார்.

காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரை.