சீனுவாசன் கண்ட கனவு

தான் உயிரோடு இருக்கும்வரை காணை கிராமத்தில் இன்னொருவன் திரௌபதி வேஷம் கட்ட முடியாது என்று சீனுவாசன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். வருஷம் முழுக்க மோட்டார் ரிப்பேர். திருவிழாக் கூத்தில் மட்டும் பாஞ்சாலி. பதினெட்டு வருஷமாக அவர் சிவப்புப் புடவையில் கூந்தலை விரித்துப் போட்டுச் சபதம் செய்ததும் முன்வரிசைப் பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள். சிந்தாதவள் ஒருத்திதான். அவள் அவருடைய மனைவி வேணி.

அந்த வேணியைத்தான் திண்டிவனம் கலையரசி டீச்சர் தன் புது இசை நாடகத்தில் நடிக்கக் கூப்பிட்டிருந்தார். ஆண்களே பெண் வேஷம் கட்டிய காலத்தில் துணிந்து மேடையேறிய முதல் நடிகைகளின் கதை அது.

"நாடகத்துல நான் இன்னா பண்றேன் தெரியுமாங்க? பொம்பள வேஷம் கட்டிக்கினு இருந்த ஆம்பளகிட்டேருந்து வேஷத்தப் புடுங்கிக்கிறேன்!" என்றாள் வேணி.

சீனுவாசன் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். இன்றைக்குத் திண்டிவனம். நாளைக்குக் காணை அல்லவா? போகாதே என்று சொல்லவும் தைரியமில்லை. கல்யாணமான புதிதில் ஒருமுறை அப்படிச் சொல்லி, நாலு நாள் கடைச் சோறு தின்றவர்.

நாடகம் சனிக்கிழமை. அதற்கு முதல் நாள் திரௌபதி அம்மன் கோயிலில் காப்புக் கட்டு. கையில் மஞ்சள் காப்புக் கட்டியவர்கள் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. சீனுவாசன் மூளை வேலை செய்தது.

"வேணி, ஆத்தா என் கனவுல வந்தா. நம்ம வூட்ல இந்த வருஷம் காப்புக் கட்டணும்னுட்டா."

"அப்படியாங்க? ஆத்தா சொன்னா கட்டிட வேண்டியதுதான்."

இவ்வளவு சுலபமா! கோயிலில் ஊரே கூடியிருந்தபோது அவருக்குக் குரல் தானாக உயர்ந்தது. "ஆத்தா கனவுல சொன்னா சொன்னதுதான். யாரும் மீறக் கூடாது!"

பூசாரி ராஜாமணி காப்போடு வந்தார். வேணி கையைக் கட்டிக்கொண்டு பணிவாகக் கேட்டாள்.

"சாமி, கனவு கண்டவங்க கையிலதான கட்டணும்?"

"பின்ன? அதான முறை. நீட்டு சீனு."

"இல்ல சாமி, அது வந்து…"

"இன்னா வந்து போய்க்கினு? கனவு வந்துச்சா இல்லையா?"

ஊரே அவரைப் பார்த்தது. சீனுவாசன் கையை நீட்டினார். வேணி குலவை போட்டாள்.

மறுநாள் எல்லைக்கல் வரைக்கும் அவள் பையைத் தூக்கிக்கொண்டு போய் பஸ் ஏற்றிவிட்டார். அதற்கு மேல் ஓர் அடி வைக்க முடியவில்லை.

"கேப்பக் கூழு இருக்குது. மறக்காம குடிங்க," என்றாள் ஜன்னலிலிருந்து.

ஞாயிற்றுக்கிழமை கழுத்தில் மாலையோடு திரும்பினாள். அவள் பாடியதை அதற்குள் ஊரே செல்போனில் பார்த்திருந்தது. நேராகக் கோயிலுக்குப் போனாள். அங்கே கூத்தில் யாருக்கு எந்த வேஷம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"சாமி, பஸ்ல லேசா கண்ணசந்தேன். ஆத்தா கனவுல வந்துட்டா."

"இன்னாம்மா சொன்னா?"

"பாஞ்சாலி வேஷத்த இந்த வருஷம் பொம்பளையே கட்டணுமாம்."

பொய் என்ற வார்த்தை சீனுவாசன் தொண்டை வரைக்கும் வந்தது. மணிக்கட்டில் இருந்த மஞ்சளைப் பார்த்தார். விழுங்கிவிட்டார். பதினெட்டு வருஷத்தில் முதல்முறையாக வேஷம் போடாமல் அவருக்குக் கண் கலங்கியது.

"நீ இன்னா சொல்ற சீனு?" என்றார் பூசாரி.

"ஆத்தா சொன்னா… சொன்னதுதான் சாமி."

வேணி தன் மாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டு, காதோடு சொன்னாள்.

"அந்தச் செவப்புப் பொடவைய இஸ்திரி போட்டு வெச்சிடுங்க."